மானியத்தில் ஓடும் இளைஞர் பயிற்சிப் பட்டறையைத் தொழிலாக மாற்றுவது: விலை, கணக்கு, ஆள் எண்ணிக்கை

மேசைவிளக்கு கேட்டது:

வணக்கம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், 18 வயதானதும் காப்பகத்தை விட்டு வெளியேறியவர்கள் போன்ற இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தரும் சிறிய அமைப்பு. இதுவரை முழுக்க மானியப் பணம்தான். இப்போது நிர்வாகக் குழு "இனி தொழில் மாதிரி நடத்துங்கள், மூன்று வருடத்தில் சொந்தக் காலில் நிற்க வேண்டும்" என்கிறது.

திட்டம் இதுதான்: நிறுவனங்கள் கழித்துப்போடும் லேப்டாப்புகளை வாங்கி, சோதித்து, புதுப்பித்து விற்பது. ஒரு அணிக்கு 8 பேர், ஆறு மாதப் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை. மாதம் 40 லேப்டாப் விற்கலாம் என்று எதிர்பார்ப்பு.

பிஸினஸ் மாடல் கேன்வாஸில் (ஒரு தொழிலின் வாடிக்கையாளர், செலவு, வருமானம் எல்லாவற்றையும் ஒரே தாளில் கட்டம் கட்டமாக எழுதும் படிவம்) 9 கட்டமும் நிரப்பியாயிற்று. குழப்பம்தான் தீரவில்லை. "வாடிக்கையாளர்" கட்டத்தில் யாரை எழுதுவது? லேப்டாப் வாங்குகிறவரா, பயிற்சி பெறும் இளைஞரா, மானியம் தருகிறவரா? குழுவில் ஆளுக்கொரு பதில்.

விலையை எதை வைத்துப் போடுவது? 8 பேர் என்பது சரியான எண்ணிக்கையா? பட்டறை லாபத்திலேயே பயிற்சிச் செலவு முழுவதையும் எடுக்க முடியுமா? தனி நிறுவனமாகப் பதிய வேண்டுமா? பொதுப்படையாக இல்லாமல் கணக்கோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

பேரேடு எழுதியது:

கடைசிக் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: ஒரே கணக்குப் புத்தகம் வைக்காதீர்கள். பட்டறைக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று. இந்த வகை நிறுவனங்கள் தடுமாறுவது பெரும்பாலும் வியாபாரம் இல்லாததால் அல்ல. இரண்டையும் கலந்து எழுதியதால் எது ஓட்டை என்றே தெரியாமல் போவதால்தான்.

விலையைத் தொகையாகச் சொல்லாமல், ஒரு லேப்டாப்பின் விற்பனை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறைக் கணக்கு, ஒரு மாதம்: 40 லேப்டாப், விற்பனை 4000. ஒரு லேப்டாப்புக்குக் கொள்முதலும் உதிரிபாகமும் 45, பேக்கிங், அனுப்புதல், பணப்பரிமாற்றக் கட்டணம் 7, வாரண்டிக்காக ஒதுக்கி வைப்பது 3. ஆக 55 போனால் கையில் 45. நாற்பதுக்கு 1800. இதிலிருந்து வாடகை, மின்சாரம், இணையம் 350. விற்பனையைப் பார்க்கும் ஆளின் அரை நேரச் சம்பளம் 200. தேர்ந்த டெக்னீஷியன்கள் இருவர், ஆளுக்கு 400.

இங்கே கவனம். அந்த இருவரும் நாள் முழுக்க லேப்டாப் மட்டும் பார்க்கப்போவதில்லை. பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், அவன் செய்ததைத் திருத்துவார்கள். குறைந்தது கால்வாசி நேரம் அதில் போகும். அந்தக் கால்வாசி, அதாவது 200, பட்டறையின் செலவே அல்ல. பயிற்சிக் கணக்குக்கு மாற்றுங்கள். பட்டறையில் 600 மட்டும் எழுதுங்கள். நிலையான செலவு 1150. மிச்சம் 650. லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்கிற புள்ளி 1150-ஐ 45-ஆல் வகுத்தால் வரும் 26 லேப்டாப்.

பயிற்சிக் கணக்கு: எட்டுப் பேர் உதவித்தொகை 800, பயிற்றுநர் 450, வீடு, வழக்கு, மருத்துவம், குடும்பச் சிக்கல் என்று கூடவே நிற்கும் சமூகப் பணியாளரின் அரை நேரம் 250, டெக்னீஷியன் நேரம் 200, பழகும்போது கெட்டுப்போகும் பொருள் 80. மொத்தம் 1780.

கலந்து எழுதியிருந்தால் "மாதம் 1130 நட்டம்" என்று ஒரே வரி வரும். நிர்வாகக் குழு பயந்து முதலில் சமூகப் பணியாளரைத்தான் நிறுத்தும். பிரித்து எழுதினால், பட்டறை நல்ல நிலையில் மாதம் 650 ஈட்டுகிறது, பயிற்சி 1780 விலையுள்ள ஒரு சேவை, அதில் 650-ஐப் பட்டறை தருகிறது, மீதி 1130-ஐ இந்தச் சேவை வேண்டும் என்கிறவர் தர வேண்டும் என்று தெளிவாகும். எண்கள் அதேதான். எடுக்கும் முடிவு நேர்மாறு.

எனவே "லாபத்திலேயே முழுவதையும் எடுக்க முடியுமா" என்பதற்கு நேரடிப் பதில்: முடியாது, அப்படி எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பக்கத்துத் தெருவில் இதே வேலையைச் செய்கிற சாதாரணக் கடைக்கு என்ன மிஞ்சுமோ அதுதான் உங்களுக்கும் மிஞ்சும். அந்தக் கடைக்குப் பயிற்றுநரும் கிடையாது, சமூகப் பணியாளரும் கிடையாது. நிர்வாகக் குழுவிடம் "சொந்தக் காலில்" என்பதைப் பட்டறைக் கணக்குக்கு மட்டும் பொருத்திக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

மானியம் தருகிறவரிடம் கேட்கும் விலை: 1130-ஐ 8-ஆல் வகுத்து ஆறு மாதத்தால் பெருக்கினால் ஓர் இளைஞருக்கு 848. ஆனால் எட்டுப் பேர் சேர்ந்து, நாலு பேர் பயிற்சி முடித்து ஆறு மாதம் கழித்தும் வேலையில் இருக்கிறார்கள் என்றால், ஒரு வேலைக்கான உண்மைச் செலவு, 1780-ஐ ஆறு மாதத்தால் பெருக்கிய 10,680-ஐ 4-ஆல் வகுத்த 2670. முதல் எண்ணை மட்டும் காட்டி இரண்டாவதை மறைத்தால், அடுத்த சுற்றில் அவரே கண்டுபிடித்துக் கேட்பார். இரண்டையும் நீங்களே காட்டிவிடுங்கள்.

கேன்வாஸ் குழப்பத்துக்கும் இதுவே வழி. இரண்டு தாள் எடுங்கள். ஒன்றில் வாடிக்கையாளர் லேப்டாப் வாங்குகிறவர். மற்றொன்றில் பயிற்சிக்குப் பணம் தருகிறவர்தான் வாடிக்கையாளர், சேவையைப் பெறுகிறவர் இளைஞர். ஒரே தாளில் மூவரையும் நெருக்கினால் எந்தக் கட்டமும் உருப்படாது.

---

திருப்புளி எழுதியது:

பேரேடு சார் சொன்ன கால்வாசி நேரம் என்பது முதல் இரண்டு மாதத்துக்குப் போதாது. பாதி என்று வையுங்கள், மூன்றாவது மாதத்திலிருந்து கால்வாசிக்கு வரும். நான் பட்டறைப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

8 பேர், 2 டெக்னீஷியன் என்றால் ஆளுக்கு நாலு. அதுதான் உச்சம். அதுவும் எட்டுப் பேரும் ஒரே நாளில் சேரக்கூடாது. நாலு பேர் இப்போது, நாலு பேர் மூன்று மாதம் கழித்து. அப்போதுதான் பழகிய நாலு பேர் எப்போதும் தளத்தில் இருப்பார்கள். எட்டுப் பேரையும் ஒன்றாகச் சேர்த்தால் முதல் மாதம் உற்பத்தி படுத்துவிடும், ஆறாவது மாதம் எகிறும், ஏழாவது மாதம் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து. வாடிக்கையாளர் அந்த ஏற்ற இறக்கத்துக்குக் காத்திருக்க மாட்டார்.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். பெற்றுப் பதிவு செய்தல், தரவு அழித்தல், சோதனை, சுத்தம் செய்தல், உதிரி மாற்றுதல், மென்பொருள் ஏற்றுதல், இறுதிச் சோதனை. இதில் முதல் வாரத்திலேயே கைவிட்டுச் செய்ய விடக்கூடியது பதிவும் சுத்தமும்தான். சோதனை இரண்டாவது வாரம். உதிரி மாற்றுவது ஐந்தாவது வாரத்துக்கு மேல், அதுவும் முதலில் விற்பனைக்கு இல்லாத செத்த லேப்டாப்பில் பத்துத் தடவை கழற்றிப் பூட்டின பிறகு. இறுதிச் சோதனையில் கையெழுத்து எப்போதும் டெக்னீஷியனுடையது.

எங்கே கெடும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு, டச்பேட் ரிப்பன் கேபிளின் சின்னக் கவ்வியைத் தூக்காமலேயே இழுப்பது. நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ போட வேண்டிய துளையில் முறுக்கி மதர்போர்டில் இறக்கிவிடுவது. இந்த இரண்டிலேயே நல்ல போர்டுகள் வீணாகும். மருந்து சுலபம்: ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு காந்த விரிப்பு, அதன்மேல் லேப்டாப்பின் அடிப்பக்கப் படம், எந்த ஸ்க்ரூவை எங்கே கழற்றினோமோ அங்கேயே வைப்பது. பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகுதான் அடுத்த வேலை என்பது விதி. உப்பிய பேட்டரியைப் பயிற்சி பெறுகிறவர் யாரும் தொடக்கூடாது. மூடி அசைந்தாலோ டச்பேட் மேலே தள்ளியிருந்தாலோ அப்படியே நிறுத்திவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது லித்தியம். குத்தினால் பற்றிக்கொள்ளும்.

தரவு அழிப்பில் மட்டும் சமரசமே கூடாது. ஒரு நிறுவனத்தின் ஒரே ஒரு டிஸ்க் அழிபடாமல் வெளியே போனால் அந்த வரத்து அத்தோடு நின்றுவிடும், மற்றவர்களுக்கும் சேதி போய்விடும். பெரிய நிறுவனங்கள் கேட்பது பெரும்பாலும் என்ஐஎஸ்டி (அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம்) 800-88 வழிகாட்டுதல்படி அழித்ததற்கான சான்று. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை மேலெழுதி அழிக்கலாம். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி-யில் அது நம்பகமில்லை, ஏனென்றால் எழுதும் இடத்தை அந்தக் கருவியே உள்ளுக்குள் மாற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு அந்த எஸ்எஸ்டி-யின் சொந்த அழிப்புக் கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். வரிசை எண், அழித்த முறை, தேதி, சரிபார்த்தவர் என நாலும் ஒரே வரியில் பதிவாக வேண்டும். அழித்தவரும் சரிபார்த்தவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். இளைஞர்களுக்கு இது நல்ல வேலைப் பழக்கமும்கூட.

கொள்முதலில் ஒரு பொறி இருக்கிறது. மொத்தமாகக் கழித்துக்கட்டுகிற சரக்கு மலிவாகத் தெரியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையிலிருந்து, கூடவே டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப். அதற்கு முந்தியதை லினக்ஸ் போட்டுத்தான் விற்க முடியும், விலை இறங்கிவிடும். வாங்குமுன் மாடல் பட்டியல் கேளுங்கள். லேப்டாப் தொடங்கும்போதே கேட்கும் பயாஸ் கடவுச்சொல் பூட்டு, பழைய நிறுவனம் தூரத்திலிருந்தே கட்டுப்படுத்தும் மேலாண்மைப் பூட்டு இரண்டையும் எடுத்துத் தருவதாக எழுத்தில் வாங்குங்கள். பூட்டோடு வந்ததைக் கழற்ற ஒரு டெக்னீஷியனின் நாள் முழுக்கப் போகும். பேட்டரி முழு சார்ஜில் அதன் ஆரம்பக் கொள்ளளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் தரத்தை ஒரு படி இறக்கி விற்றுவிடுங்கள். மறைத்து விற்றால் வாரண்டியில் திரும்பி வரும்.

வருகையைப் பற்றி ஒன்று. கோர்ட் தேதி, தங்குமிடம் போய்விட்டது, தம்பி தங்கைக்கு உடம்பு சரியில்லை. இவர்கள் வாழ்க்கையில் இது வழக்கம், சோம்பல் அல்ல. பயிற்சி பெறுகிறவர்களின் மணிநேரத்தில் 60 சதவீதம்தான் கிடைக்கும் என்று வைத்து ஆர்டர் ஏற்றுக்கொள்ளுங்கள். முடித்த சரக்கில் இரண்டு வார அளவு அலமாரியில் எப்போதும் இருக்கட்டும். இதைச் செய்யாத இடத்தில், ஆர்டர் தேதி நெருங்கும்போது டெக்னீஷியன் பொறுமை இழந்து பிள்ளையின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிச் செய்வார். அன்றைக்குப் பயிற்சி செத்தது.

இன்னொன்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஐந்தாவது மாதத்தில் ஒருவன் நன்றாகத் தேறிவிடுவான். அவனை அனுப்ப மனசு வராது. உற்பத்தி அவனை நம்பித்தான் இருக்கும். "இன்னும் ரெண்டு மாசம்" என்று தள்ளிப்போடுவீர்கள். வெளியே போகும் தேதியைச் சேரும் நாளிலேயே எழுதிக் கையெழுத்து போட்டுவிடுங்கள். உங்களுக்கே அவன் வேண்டுமென்றால் டெக்னீஷியன் சம்பளத்தில் எடுங்கள், உதவித்தொகையில் அல்ல.

---

மேசைவிளக்கு எழுதியது:

இருவருக்கும் நன்றி. திருப்புளி அண்ணா, 60 சதவீதம் என்றால் மாதம் 40 வருமா? அடுத்து, குழுவில் ஒருவர் "நேர்காணலே இல்லாமல் வரிசைப்படி எடுக்கும்" முறையைப் பற்றிச் சொன்னார். நமக்குப் பொருந்துமா? விலையைச் சந்தையை விடக் கொஞ்சம் கூட்டி வைத்து, நோக்கத்தைச் சொல்லி விற்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

---

திருப்புளி எழுதியது:

40 வரும், ஆனால் அது இரண்டு டெக்னீஷியன்களால் வரும். பயிற்சி பெறுகிறவர்கள் கை கூட்டினது போனஸ் என்று வையுங்கள். அவர்களை நம்பித்தான் 40 என்றால் உங்கள் கணக்கு ஏற்கெனவே தப்பு.

---

சந்தைமேடு எழுதியது:

விலையைக் கூட்டி வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். நோக்கத்துக்காக வாங்குகிறவர் ஒரு தடவை வாங்குவார், சமூக ஊடகத்தில் படம் போடுவார், அத்தோடு சரி. இரண்டாம் தடவை வருவது லேப்டாப் கெடாமல் ஓடினால்தான். அதே தரத்துக்குச் சந்தை விலை, மற்றவர்கள் 3 மாத வாரண்டி தந்தால் நீங்கள் 6 மாதம். நோக்கம் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் இரண்டு வரியாக இருக்கட்டும். இளைஞர்களின் படத்தையும் கடந்த காலத்தையும் போட்டு விற்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். நாளைக்கு அந்தப் பையன் வேறு இடத்தில் வேலை கேட்கும்போது முதலாளி பெயரைத் தேடினால் முதலில் வருவது உங்கள் விளம்பரமாக இருக்கும்.

விலையைக் குறைத்து விற்பதும் அதே அளவு தப்பு. உதவித்தொகை மானியத்தில் வருகிறது என்பதற்காகச் சந்தையை விட மலிவாக விற்றால், பக்கத்தில் நேர்மையாகச் சம்பளம் கொடுத்து நடத்துகிற சின்னக் கடையைத்தான் அழிக்கிறீர்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகளை வேலைக்கு எடுக்க வேண்டியவரே அவர்தான்.

யாருக்கு விற்கிறீர்கள் என்பது விலையை விடப் பெரிய கேள்வி. தனி ஆட்கள் உடனே பணம் தருவார்கள், ஆனால் ஒவ்வொன்றாக வாங்குவார்கள், ஒவ்வொருவருக்கும் பத்துக் கேள்வி. பள்ளி, அலுவலகம், பிற தொண்டு நிறுவனங்கள் இருபது இருபதாக வாங்கும். பணம் 60 நாள் கழித்துத்தான் வரும். பேரேடு சார் கணக்கில் மாத விற்பனை 4000. அத்தனையும் 60 நாள் கடனில் போனால் எந்நேரமும் 8000 வெளியே நிற்கும். உங்கள் மாத மிச்சம் 650. அதாவது ஒரு வருட மிச்சத்துக்கும் மேலான தொகை அடுத்தவர் கையில். விற்பனை இரட்டிப்பானால் 16,000. நல்ல ஆர்டர் கிடைத்ததால் கவிழ்ந்த நிறுவனம் என்று சொன்னால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள், ஆனால் காரணம் இவ்வளவு சாதாரணமானது. இதற்கு மேல் மானியமும் காலாண்டு முடிந்து ரசீது காட்டின பிறகு வருகிற வகையாக இருந்தால் இரண்டு பக்கமும் இடி.

செய்ய வேண்டியது: கடனில் போவது மொத்த விற்பனையில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு. நிறுவன ஆர்டருக்கு 30 சதவீதம் முன்பணம். மானிய ஒப்பந்தத்தில் முதல் தவணை முன்கூட்டியே என்று கேளுங்கள். கேட்டால் பலர் தருகிறார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம். வாராவாரம் அடுத்த 13 வாரத்துக்கான பண வரவு செலவை ஒரே தாளில் எழுதுங்கள். லாப நட்டக் கணக்கு மாதம் ஒரு முறை போதும், இது வாரம் தவறக்கூடாது.

---

பத்திரம் எழுதியது:

வரிசைப்படி எடுக்கும் முறைக்குப் பெயர் பெற்றது அமெரிக்காவில் யோங்கர்ஸ் நகரின் கிரேஸ்டன் பேக்கரி. 1982-இல் தொடங்கியது. நேர்காணல், பின்னணி விசாரணை எதுவும் இல்லாமல், பெயர் கொடுத்து வைத்தவர்களை வரிசைப்படி கூப்பிடுவார்கள். அது அங்கே நிற்கிற காரணத்தைப் பாருங்கள். வேலை திரும்பத் திரும்ப வருகிற வகை, சில நாளில் பழகலாம். பென் அண்ட் ஜெர்ரிஸ் என்கிற ஐஸ்கிரீம் நிறுவனம் நீண்ட காலமாக நிலையாக வாங்குகிறது. லேப்டாப் உதிரி மாற்றுவதற்கு அந்த முறையை அப்படியே எடுத்தால் போர்டு போர்டாகக் கெடும். பதிவு, சுத்தம், சோதனை மேசைகளுக்குத் தாராளமாக எடுக்கலாம். அங்கிருந்து ஆர்வமுள்ளவர் உள்ளே வரட்டும்.

உங்கள் திட்டத்துக்கு நெருங்கின உதாரணம் டிஜிட்டல் டிவைட் டேட்டா என்கிற நிறுவனம். 2001-இல் கம்போடியாவின் நோம்பென்னில் தொடங்கியது. பின்தங்கிய குடும்பத்து இளைஞர்கள் பகுதி நேர ஷிப்டில் தரவுப் பதிவு செய்தார்கள், மீதி நேரத்தில் கல்லூரிப் படிப்பு. வாடிக்கையாளர் பணம் தந்தது வேலைக்கு. படிப்பு தனிச் செலவு, அதற்குத் தனி ஆதரவு. பேரேடு சொன்ன இரண்டு புத்தகம் இங்கே நிறுவனத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். பிரிட்டனின் பிரபல சமையல்காரர் ஜேமி ஆலிவர் 2002-இல் லண்டனில் ஃபிஃப்டீன் உணவகத்தை வாய்ப்பில்லாத இளைஞர்களைச் சமையலறையில் பழக்குவதற்காகத் தொடங்கினார். 2019 மே மாதம் அவருடைய உணவகக் குழுமம் முறிந்தபோது அதுவும் மூடியது. தனி அறக்கட்டளையின் கையில் இருந்த கார்ன்வால் கிளையும் அந்த ஆண்டு இறுதிக்குள் மூடிவிட்டது. வெளிப்பெயரும் புகழும் இருந்தாலும் உணவகத் தொழிலின் மெல்லிய லாபம் பயிற்சியைத் தாங்காது. எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. லாப விகிதம் நல்லதாக இருக்க வேண்டும், வேலை துண்டுகளாகப் பிரிய வேண்டும், தவறு நடந்தால் வாடிக்கையாளரிடம் போவதற்கு முன் பிடிபட வேண்டும். லேப்டாப் புதுப்பிப்புக்கு மூன்றும் ஓரளவு பொருந்துகிறது.

பதிவு பற்றி: சட்ட வடிவம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2005 முதல் சமூக நல நிறுவனம் என்கிற வடிவம் உண்டு. சொத்தை வெளியே எடுத்துச் செல்ல முடியாதபடி சட்டப் பூட்டும், லாபத்தைப் பங்காகப் பிரிக்க வரம்பும் இருக்கும். இந்தியாவில் 2013 நிறுவனச் சட்டம் 8-ஆம் பிரிவின் கீழ் லாபத்தைப் பங்காகப் பிரிக்காத நிறுவனம். எந்த வடிவமானாலும் யோசனை இதுதான்: வியாபாரம் மொத்த வருமானத்தில் சிறு பகுதியாக இருக்கும் வரை உள்ளேயே நடத்துங்கள். வாரண்டி, கடன், வாடகை ஒப்பந்தம் என்று பொறுப்புகள் பெருகும்போது தனி நிறுவனம். இல்லையென்றால் ஒரு வாரண்டி வழக்கு உங்கள் பயிற்சி அமைப்பின் சொத்து வரை வந்து தட்டும். தனி நிறுவனம் ஆக்கினால் தாய் அமைப்புக்கும் அதற்கும் இடையில் எழுத்து ஒப்பந்தம் வேண்டும்: டெக்னீஷியன் நேரம் என்ன விலை, இடம் என்ன வாடகை, மிச்சம் எப்போது எவ்வளவு திரும்பும். இரண்டு குழுவிலும் ஒரே ஆட்கள் உட்காரக் கூடாது.

முடிவைப் பொறுத்துப் பணம் தரும் ஒப்பந்தங்கள் இப்போது நிறைய வருகின்றன, "வேலை கிடைத்தால் இவ்வளவு" என்று. ஜாக்கிரதை. 2012-இல் நியூயார்க்கில் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் 16 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கான திட்டத்துக்கு கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி 96 லட்சம் டாலர் வரை கடன் தந்தது. அதில் 72 லட்சத்துக்கு ப்ளூம்பெர்க் அறக்கட்டளை உத்தரவாதம். மறுபடி சிறைக்கு வருவது குறையவில்லை, 2015-இல் திட்டம் நின்றது, நகர நிர்வாகம் அதற்காகப் பணம் தரவில்லை. அந்த நட்டத்தைத் தாங்கப் பெரிய பைகள் இருந்தன. உங்களிடம் இல்லை. முடிவுப் பணம் மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் போக ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, அப்படி ஒப்பந்தம் போட்டவுடன் சேர்க்கையில் கை தானாகவே சுலபமான பிள்ளைகள் பக்கம் போகும். எப்படியும் வேலை கிடைத்துவிடக்கூடியவர்கள் பட்டியலில் நிறைவார்கள், எண்ணிக்கை அழகாக இருக்கும், யாருக்காகத் தொடங்கினீர்களோ அவன் வாசலில் நிற்பான். இதைத் தடுக்க ஒரே வழி, சேரும்போதே ஒவ்வொருவரின் தொடக்க நிலையை எழுதிவைத்து, கடினமான நிலைக்குக் கூடுதல் விலை என்று ஒப்பந்தத்திலேயே போடுவது.

---

ஓரப்பாதை எழுதியது:

மாற்றுக் கருத்து, சுருக்கமாக. பட்டறை எதற்கு? வேலைக்கு ஆள் வேண்டுமென்கிற நிறுவனங்களிடமே பயிற்சியை விற்கலாமே. 2000-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் தொடங்கிய இயர் அப் என்கிற அமைப்பு அப்படித்தான்: ஆறு மாதம் பயிற்சி, அடுத்த ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் உள்ளகப் பணி (இன்டர்ன்ஷிப்), அந்தப் பணிக்கு நிறுவனமே இயர் அப்புக்குக் கட்டணம் தருகிறது. சரக்கு இல்லை, வாரண்டி இல்லை, 60 நாள் லேப்டாப் கடன் இல்லை. 40 லேப்டாப்புக்கு வாடிக்கையாளர் தேடுகிற உழைப்பில் நாலு முதலாளிகளைப் பிடிக்க முடியாதா?

---

திருப்புளி எழுதியது:

பிடிக்கலாம், ஆனால் அங்கே சேர்வதற்கே ஒரு படி தேறியிருக்க வேண்டும். பள்ளியை முடித்தவர்களுக்கான வழி அது. காலையில் எழுந்து ஒரு இடத்துக்கு வருவதே இன்னும் பழகாதவனை எந்த முதலாளியும் காசு கொடுத்து எடுக்க மாட்டார். அவனுக்குத்தான் பட்டறை. இரண்டையும் அடுத்தடுத்து வைக்கலாம்: நாலு மாதம் பட்டறை, இரண்டு மாதம் வெளி நிறுவனம், கட்டணத்தோடு. உங்கள் 8 பேரில் சிலர் வெளியே இருக்கும் மாதங்களில் தளத்தில் நெரிசலும் குறையும்.

---

மேசைவிளக்கு எழுதியது:

இது பிடித்திருக்கிறது. மானியம் தருகிறவருக்கு எழுதுவதற்கு முன் பேரேடு சார் ஒருமுறை பார்க்க முடியுமா? ஓர் இளைஞருக்கு 848 என்று போட்டிருக்கிறேன்.

---

பேரேடு எழுதியது:

அனுப்பாதீர்கள். என் கணக்கில் இரண்டு வரி இல்லை. விபத்துக் காப்பீடு, பாதுகாப்புக் கருவி, போக்குவரத்து மாதம் 60 என்று வையுங்கள், பயிற்சி 1840 ஆகிறது. பட்டறை மிச்சம் 650-ஐயும் முழுக்கப் பயிற்சிக்குத் தரக்கூடாது. 200 பட்டறையிலேயே இருக்கட்டும், சந்தைமேடு சொன்ன கடன் இடைவெளியை அதுதான் மெல்ல மெல்ல நிரப்பும். பயிற்சிக்குப் போவது 450. கேட்க வேண்டியது 1390. எட்டால் வகுத்து ஆறால் பெருக்கினால் 1043. வேலையில் நிலைத்த ஒருவருக்கான முழுச் செலவு 2760.

848 என்று கொடுத்தால் ஓர் இளைஞருக்கு 195 குறைகிறது, எட்டுப் பேருக்கு ஆறு மாதத்தில் 1560. திருப்புளி சொன்ன முதல் இரண்டு மாதப் பாதி நேரத்தை இதில் சேர்க்கவில்லை. அதைத் தொடக்கச் செலவு என்று தனி வரியாக, ஒரே தவணையில் கேளுங்கள். மாதச் செலவோடு கலந்தால் முதலில் வெட்டுவது அதைத்தான்.